தயிர் மார்க்கெட்டுத் தயிர்

என் மாமியார் வீட்டில் நான் சொன்ன முதல் பொய் ஒரு கலயம் தயிரைப் பற்றியது. அப்போது கல்யாணமாகி மூன்று மாதம்கூட முடியவில்லை. கூசாமல் சொன்னேன். சொல்லிவிட்டு அன்று நன்றாகத் தூங்கவும் செய்தேன்.

என்னைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். சின்ன வயதிலிருந்தே எனக்கு நாக்கு நீளம். பேச்சிலும் நீளம், தின்பதிலும் நீளம். அம்மா என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதைவிடத் தின்னிப்பண்டாரம் என்று கூப்பிட்டதுதான் அதிகம். பிறந்த ஊர் உசிலம்பட்டிக்கு மேற்கே இருந்த மானாவாரிக் காடு. மழை பெய்தால் சோளம், கம்பு. பெய்யாவிட்டால் அதுவும் இல்லை. அந்தக் காட்டுக்குள் இருந்துகொண்டு நான் மதுரையை நினைத்து எச்சில் ஊறிக் கிடந்தேன். ஒரே ஒரு தடவை காது வலிக்காக என்னை மதுரைக்குக் கூட்டிப் போனார்கள். ஆஸ்பத்திரிச் சுவரையும் ஒரு பன்னையும் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தேன். மதுரையில் வெங்காயத்துக்கு ஒரு மார்க்கெட், வாழைக்காய்க்கு ஒரு பேட்டை, வெற்றிலைக்கு ஒரு பேட்டை என்று தனித்தனியாக இருக்கிறதாம் என்று யாரோ சொன்னது மட்டும் மனசில் தங்கிவிட்டது. ஒரு சாமானுக்காக ஒரு தெருவே இருக்கிற ஊரை நினைத்துப் பாருங்கள். எங்கள் ஊரில் தெருவே ஒன்றுதான்.

அதனால் தரகர் வந்து, மாப்பிள்ளை மதுரையில் இரண்டு வருஷம் பலசரக்கு வியாபாரத்தில் இருந்தவர், மதுரையில் எந்தச் சந்துபொந்தைக் கேட்டாலும் கண்ணை மூடிக்கொண்டு போவார் என்று சொன்னபோது நான் சரி என்று தலையாட்டினேன். மாப்பிள்ளையின் மூக்கையும் முழியையும் நான் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. என் தங்கை பிற்பாடு கேட்டாள், எதைப் பார்த்துச் சம்மதித்தாய் என்று. மதுரையைப் பார்த்து என்றேன்.

வாக்கப்பட்ட ஊர் உசிலம்பட்டிக்குக் கிழக்கே, மெயின் ரோட்டிலிருந்து இரண்டு மைல் உள்ளே. ஊரை ஒட்டிக் கண்மாய். கண்மாய்க்கு அக்கரையில் இன்னோர் ஊர். வீட்டில் மாமனார், மாமியார், என் வீட்டுக்காரர், நான் ஆகிய நாலே பேர். நாத்தனாரை ஏற்கெனவே கட்டிக் கொடுத்துவிட்டார்கள். என் வீட்டுக்காரர் அதிகம் பேசாத மனுஷர். மதுரைக்கு எப்போது போகலாம் என்று வாரத்துக்கு ஒருமுறை கேட்பேன். போவோம், போவோம் என்பார். சொல்லும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வார். என்னோடு வெளியே போகக் கூச்சப்படுகிறார் என்று நினைத்து எனக்குக் கோபம் கோபமாக வரும்.

இந்தச் சமயத்தில் நாத்தனாருக்கு வளைகாப்பு வந்தது. எங்கள் பக்கத்தில் பிறந்த வீட்டுக்காரர்கள்தான் கட்டுச்சோறு கொண்டு போக வேண்டும். புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு, சர்க்கரைப் பொங்கல், தயிர்ச்சோறு என்று ஐந்து வகை. சம்பந்தி வீட்டார் வாயில் வைத்துவிட்டு ஒரு குறை சொல்லிவிடக் கூடாது. அதே சமயத்தில் வீட்டுக்குள் இன்னொரு பேச்சும் ஓடிக்கொண்டிருந்தது. உசிலம்பட்டி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மாமனாருக்கு ஒரு சின்ன அறை சொந்தமாக இருந்தது. அதைச் சைக்கிள் கடைக்கு வாடகைக்குக் கேட்டு ஒருவர் நடையாக நடந்துகொண்டிருந்தார். என் வீட்டுக்காரருக்கோ அங்கே ஒரு பலசரக்குக் கடை வைக்க வேண்டும் என்று ஆசை. அவர் இரவில் என்னிடம் மனசுவிட்டுப் பேசிய ஒரே விஷயம் அதுதான். மூடையை எங்கே வைப்பது, தராசை எங்கே தொங்கவிடுவது என்று பாய் விரித்த தரையில் விரலால் கோடு போட்டுக் காட்டுவார்.

மாமனார் ஒரு நாள் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டுத் தீர்ப்புச் சொன்னார். வளைகாப்புச் சாமான் அம்புட்டையும் இவனே மதுரைக்குப் போய்ப் பிடித்து வரட்டும். சரக்கு சரியாக இருந்தால் அறை இவனுக்கு, இல்லாவிட்டால் சைக்கிள் கடைக்கு. மாமியார் உடனே இடையில் புகுந்து, தயிர்ச்சோற்றுக்கு மதுரைத் தயிர் மார்க்கெட்டிலிருந்து தயிர் வாங்கி வரச் சொன்னார். சின்னப் பிள்ளையில் ஒருமுறை அந்தத் தயிரைச் சாப்பிட்டிருக்கிறாராம். துணியில் முடிந்து கொண்டுவரலாமாம், அவ்வளவு கட்டியாம். அக்கரை ஊர்த் தயிரைப் பற்றிப் பேச்சு வந்தாலே அவருக்கு முகம் கோணும். "அவளுக தயிருல பாதி கம்மாத் தண்ணி" என்பார்.

மாமனாருக்கு அந்த யோசனை பிடித்துப் போயிற்று. "சரிதான். அந்தத் தயிரு வீடு வந்து சேரட்டும். இவனுக்கு மதுரை தெரியுமா தெரியாதான்னு அது சொல்லும்" என்றார்.

என் வீட்டுக்காரரின் முகம் வெளுத்ததை நான் கவனித்தேன். ஆனால் என்னையும் கூட அனுப்புவதாக மாமியார் சொல்லிவிட்டதால் அதற்கு மேல் எதையும் யோசிக்க எனக்கு நேரமில்லை.

மறுநாள் முதல் பஸ்ஸில் கிளம்பினோம். நல்ல சேலை, தலை நிறைய கனகாம்பரம், கையில் மாமியார் கொடுத்த எவர்சில்வர் தூக்கு. பஸ்ஸில் எனக்குப் பின் சீட்டில் யாரோ தயிர்க் கூடையை வைத்திருந்தார்கள். மெயின் ரோட்டைத் தொட்டதிலிருந்து புளித்த வாடை. மதுரை எல்லையில் காளவாசல் வருவதற்குள் எனக்குக் குடலைப் பிரட்டிவிட்டது. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, எல்லோர் காதிலும் விழும்படி முணுமுணுத்துக்கொண்டே வந்தேன்.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் எல்லாம் மறந்துபோயிற்று. முதலில் வெங்காய மார்க்கெட். தெருவின் இரண்டு பக்கமும் சின்ன வெங்காயம் ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடந்தது. பெண்கள் வரிசையாகக் குந்தி உட்கார்ந்து பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். கால் வைத்த இடமெல்லாம் சருகு. மூச்சை இழுத்ததும் கண்ணில் தண்ணீர் கொட்டியது. ஆசைப்பட்ட ஊருக்கு வந்து முதல் காரியமாக அழுதது நானாகத்தான் இருக்கும். அங்கே தேவையானதை வாங்கிக்கொண்டு வாழைக்காய்ப்பேட்டைக்குப் போனோம். அங்கே வாழைத்தார்கள். நாட்டு வாழை, ரஸ்தாளி, பச்சை நாடன், செவ்வாழை என்று கூரை வரைக்கும் சாத்தி வைத்திருந்தார்கள். எங்கள் வீட்டில் ஒரு தார் வெட்டினால் தெருவுக்கே கொடுப்போம். இங்கே வண்டி வண்டியாக இறக்கிப் போடுகிறார்கள், யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் நின்ற இடத்திலேயே இரண்டு செவ்வாழையைத் தின்றேன்.

என் வீட்டுக்காரருக்குத் தெம்பு வந்துவிட்டது. நெஞ்சை நிமிர்த்தி நடந்தார். "பாத்தியா? வெங்காய மார்க்கெட்டுல வெங்காயம், வாழைக்காப்பேட்டையில வாழைக்கா" என்றார். இதில் என்ன பெருமை என்று எனக்கு அப்போது புரியவில்லை.

அடுத்து அரிசி. சீரகச் சம்பா வேண்டும். "நெல்பேட்டைக்குப் போவோம். பேருலயே இருக்குல்ல" என்றார். நடந்தோம். நடந்தோம் என்றால் சும்மா இல்லை, ஒரே தெருமுனையில் உட்கார்ந்திருந்த ஒரே குடை ரிப்பேர்காரரை மூன்று தடவை கடந்தோம். மூன்றாவது தடவை அந்த மனுஷர் எங்களைப் பார்த்துச் சிரித்தே விட்டார். யாரிடமாவது வழி கேளுங்கள் என்றேன். எனக்குத் தெரியாத மதுரையா என்று முறைத்தார். கடைசியில் ஒருவழியாக நெல்பேட்டை வந்தது. நெல்லைக் காணோம். ஒரு பக்கம் உரித்த ஆடுகள் தலைகீழாகத் தொங்கின. இன்னொரு பக்கம் மீன், காலடியில் ஐஸ் தண்ணீர். இவர் ஒரு கறிக்கடை முன்னால் திகைத்துப்போய் நின்று, சீரகச் சம்பா எங்கே கிடைக்கும் என்று கேட்டார்.

கடைக்கார பாய் கத்தியைக் கீழே வைத்துவிட்டு எங்களை மேலும் கீழும் பார்த்தார். "பிரியாணிக்குத்தானே? கறிய மொதல்ல வாங்குங்க தம்பி, அரிசி எங்கயும் ஓடிறாது" என்றார்.

வளைகாப்புக்கு முதல் நாள் கறியோடு வீட்டுக்குப் போனால் மாமியார் என்ன சொல்வார் என்று நினைத்து எனக்குப் பகீர் என்றது. இவரை இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன். அப்போதே எனக்குச் சந்தேகம் தட்டிவிட்டது. போகிற வழியில் எழுகடல் தெரு என்று ஒரு பெயர்ப்பலகை. "இங்க ஏழு கடலும் எந்தப் பக்கம் இருக்கு?" என்று கேட்டேன். குத்தலாகத்தான் கேட்டேன். ஆனால் இவர் நிஜமாகவே இரண்டு பக்கமும் பார்த்தார்.

தயிர் மார்க்கெட்டைத் தேடிக் கண்டுபிடித்தபோது உச்சி வெயில். குறுகலான சந்து. இரண்டு பக்கமும் கடைகள். வாசலில் சாக்கு மூடைகளின் வாயைச் சுருட்டிவிட்டு வைத்திருந்தார்கள். பருப்பு, மல்லி, வத்தல், புளி, மண்டைவெல்லம். தயிர் இல்லை. ஒரு மோர்ப் பானைகூட இல்லை. இவர் அந்தச் சந்தில் இந்த முனைக்கும் அந்த முனைக்குமாக இரண்டு தடவை நடந்தார். பிறகு ஒரு கடையில் நரைத்த மீசை வைத்த பெரியவரிடம் போய், தயிர் எந்தப் பக்கம் அண்ணே என்று மெதுவாகக் கேட்டார்.

பெரியவர் எடைக்கல்லைக் கையில் வைத்துக்கொண்டே சிரித்தார். தயிர் விற்றது எல்லாம் அவருடைய அப்பா காலத்தோடு சரியாம். இப்போது பெயர் மட்டும்தான் தயிராம். கேலியாகச் சொல்லவில்லை. தினமும் யாராவது ஒருவர் இப்படிக் கேட்டு வருவார்கள் போல.

அந்தக் கடைப் படியிலேயே இவர் உட்கார்ந்துவிட்டார். நான் எதிரில் நின்றேன். எனக்குக் கோபம் வந்தால் குரல் தாழ்ந்துவிடும். அப்படித் தாழ்ந்த குரலில் கேட்டேன், "நெசத்தைச் சொல்லுங்க. நீங்க மதுரையில இருந்தீகளா இல்லையா?"

"இருந்தேன். ரெண்டு வருசம் இருந்தேன், அது பொய்யில்ல" என்றார். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஆனா கிட்டங்கிய விட்டு வெளிய வந்ததில்ல."

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். ரயில்வே லைனுக்குப் பக்கத்தில் ஒரு சரக்குக் கிட்டங்கி. லாரியில் வரும் மூடையை இறக்க வேண்டும், அடுக்க வேண்டும், பிரித்து அனுப்ப வேண்டும். சாப்பாடு கேரியரில் வந்துவிடும். தூக்கம் மூடை மேலேயே. முதலாளி கண்டிப்பான ஆள், வெளியே விடமாட்டார். ஊருக்கு வரும் நாளில் கிட்டங்கியிலிருந்து நேராக பஸ் ஸ்டாண்டு. மதுரையின் தெருக்கள் எல்லாம் இவருக்குச் சீட்டில் எழுதிய பெயர்களாகத்தான் தெரியும். நெல்பேட்டைக்குப் பத்து மூடை, தயிர் மார்க்கெட்டுக்கு ஆறு மூடை என்று கணக்குப்பிள்ளை வாசிப்பார். இவர் இரவில் மூடை மேல் படுத்துக்கொண்டு அந்த இடங்களை நினைத்துப் பார்ப்பாராம். நெல்பேட்டையில் மலை மலையாக நெல். தயிர் மார்க்கெட்டில் வரிசையாகப் பானைகள், பானைக்குப் பக்கத்தில் மரக்கரண்டியோடு பெண்கள். தரகர் மிகைப்படுத்திச் சொன்னதை மறுக்கத் தைரியம் வரவில்லையாம். பிறகு நான் மதுரை மதுரை என்று அரித்தெடுத்ததும் சுத்தமாக வாயடைத்துப் போனதாம்.

"எழுகடல் தெருவுல கொஞ்சமாச்சும் தண்ணி இருக்கும்னு நெனச்சேன்" என்றார்.

எனக்குத் தொண்டை வரைக்கும் திட்டு வந்துவிட்டது. வாயைத் திறந்தேன். சிரிப்புதான் வந்தது. சாதாரணச் சிரிப்பில்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வந்து, கனகாம்பரம் அவிழ்ந்து விழுகிற அளவுக்கு. சந்தில் போனவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். இவர் முதலில் மிரண்டார், பிறகு அவருக்கும் தொற்றிக்கொண்டது. அவர் சிரித்தால் கண் இரண்டும் காணாமல் போய்விடும் என்பது மூன்று மாதம் குடும்பம் நடத்திய எனக்கு அன்றுதான் தெரிந்தது. அந்த முகத்தை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. இதைச் சொல்ல எனக்கு எந்தக் கூச்சமும் இல்லை.

சிரித்து முடித்ததும், தயிர் கிடக்கட்டும், மற்ற சாமானையாவது வாங்குவோம் என்று எழுந்தோம். அந்தக் கடையிலேயே பெரியவர் புளி எடுத்துக் காட்டினார். இவர் அதை வாங்காமல் நேராக மூடைக்குப் போனார். முழங்கை வரைக்கும் உள்ளே விட்டு அடியிலிருந்து ஒரு பிடி எடுத்தார். கட்டைவிரலால் அமுக்கினார், நுனி நாக்கில் வைத்தார், இது போன வருஷத்துப் புளி, கட்டுச்சோறு கெடாமல் இருக்க இதுதான் வேண்டும் என்றார். கடலைப்பருப்பை ஒன்றிரண்டு எடுத்துப் பல்லில் வைத்துக் கடித்தார். அந்தச் சத்தத்தைக் கேட்டே இது வெயிலில் காய்ந்தது போதவில்லை, அடுத்த மூடையைக் காட்டுங்கள் என்றார். உளுந்தை உள்ளங்கையில் உருட்டினார். வெல்லத்தை உடைத்து உட்புறத்தைப் பார்த்தார். தெருவில் திருதிருவென்று விழித்த ஆள்தானா இது என்று எனக்கு ஆச்சரியமாகப் போயிற்று. ஒவ்வொன்றையும் எனக்கும் ஒரு துளி கொடுத்து வித்தியாசம் தெரிகிறதா என்று கேட்டார். தின்னிப்பண்டாரத்துக்குத் தெரியாமல் இருக்குமா? பருப்பு, வெல்லம், முந்திரி, கசகசா, கல்கண்டு என்று அரை மணி நேரம் ஒரு கடையையே சாப்பிட்டேன். நான் ஆசைப்பட்ட மதுரை அந்தச் சாக்கு மூடைகளுக்குள் இருந்தது.

பெரியவர் இவரையே பார்த்துக்கொண்டிருந்தார். எந்தக் கிட்டங்கி தம்பி நீ என்று விசாரித்தார். இவர் சொன்னதும், "அடப்பாவி, அப்ப எங்க கடைச் சரக்கத்தான் ரெண்டு வருசமா நீ அடுக்கியிருக்க" என்றார். அதற்குப் பிறகு எங்களைப் பிடித்து உட்காரவைத்துக் கலர் சோடா வாங்கிக் கொடுத்தார். சீரகச் சம்பாவுக்கு ஆளனுப்பித் தருவித்தார். அப்பளமும் எலுமிச்சையும் எங்கே நன்றாக இருக்கும் என்று வழி சொன்னார். இவர் வாயைத் திறந்து வழி கேட்டார், நான் அதையும் பார்த்தேன்.

எல்லாம் வாங்கி ரிக்‌ஷாவில் ஏற்றி பஸ் ஸ்டாண்டுக்கு வந்து சேர்ந்தோம். வழியில் முள்ளுமுருங்கை வடை போடும் ஒரு வண்டி. பச்சைப் பசேலென்று எண்ணெயில் உப்பி வரும், மேலே காரப்பொடியைத் தூவிக் கொடுப்பார்கள். நான்கு தின்றேன். அதற்கு அடுத்த கடையில் பால் பன். தயிருக்கென்று கொண்டுவந்த தூக்கு காலியாகத்தானே இருக்கிறது என்று அதில் பால் பன்னை நிரப்பிக்கொண்டேன். இவர் எதுவும் சாப்பிடவில்லை. தயிர் இல்லாமல் போனால் அறை சைக்கிள் கடைக்குத்தான். அப்பா சொன்னால் சொன்னதுதான். பெட்டிக்கடையில் தயிர் வாங்கிப் போகலாமா என்றேன். அது தண்ணியாக இருக்கும், அம்மா ஒரு வாயிலேயே கண்டுபிடித்துவிடுவார் என்றார்.

அப்போது எனக்கு முன்னால் ஒரு கூடை வந்து இறங்கியது. காது தொங்கத் தண்டட்டி போட்ட ஒரு பொம்பளை, கூடைக்குள் காலிக் கலயங்கள். ஒரே ஒரு கலயம் மட்டும் பூவரச இலையால் வாய் மூடிக் கட்டியிருந்தது.

"ஏத்தா, காலையில மொதப் பஸ்ஸுல எனக்கு முன்னால உக்காந்து மூக்கப் பொத்துன புள்ளதான நீ?" என்றாள்.

எனக்கு மானம் போயிற்று. தலையைக் குனிந்துகொண்டேன். அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கடைசிக் கலயம் விற்கவில்லை, திரும்பத் தூக்கிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது என்றாள். எந்த ஊர்த் தயிர் என்று இவர் கேட்டார். அவள் கண்மாய்க்கு அக்கரை ஊரின் பெயரைச் சொன்னாள். இவர் முகம் செத்துப் போயிற்று. மாமியார் வாய்க்கு வாய் வைகிற அதே தயிர்.

நான் இலையை விலக்கிப் பார்த்தேன். வெண்ணெய் நிறத்தில் ஆடை. விரலால் தொட்டேன், நடுங்கவில்லை. ஒரு துளி நாக்கில் வைத்தேன். காலையில் பஸ்ஸில் வந்த வாடைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. வாடை கூடையில் கிடந்த பழைய இலையிலிருந்து வந்திருக்க வேண்டும். இது அப்படி ஓர் இனிப்பு. இதில் கண்மாய்த் தண்ணீர் பாதி இருந்தால் கண்மாயிலேயே நான் வாழ்க்கைப்பட்டிருப்பேன்.

"இதக் குடுங்க" என்றேன். தூக்கில் ஊற்றித் தரச் சொல்லலாம் என்றால் தூக்கு முழுக்கப் பால் பன். அவளும் அள்ளி ஊற்றினால் உறை உடைந்துவிடும், கலயத்தோடு கொண்டு போ, கலயத்தை எப்போதாவது முதல் பஸ்ஸில் கொடுத்துவிடு என்றாள். மண்கலயம். கழுத்தைச் சுற்றி மூன்று சுண்ணாம்புப் பொட்டு வைத்திருந்தது. நாங்கள் யார் வீட்டுப் பிள்ளைகள் என்று கேட்டாள். இவர் அவசரமாக உசிலம்பட்டிப் பக்கம் என்று மழுப்பிவிட்டார்.

பஸ்ஸில் அந்தக் கலயத்தை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். என்ன சொல்லப் போகிறாய் என்று இவர் கேட்டுக்கொண்டே வந்தார். நீங்கள் வாயைத் திறக்காதீர்கள், அது போதும் என்றேன்.

வீட்டில் விளக்கேற்றி முடித்திருந்தார்கள். மாமனார் சாமானை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார். புளியை முகர்ந்தார். பருப்பைக் கையில் அள்ளி விளக்குப் பக்கம் பிடித்தார். எதுவும் சொல்லவில்லை, அவர் எதுவும் சொல்லாவிட்டால் நல்லது என்று அர்த்தம். கடைசியில் கலயத்தைப் பார்த்து, தயிர் மார்க்கெட்டில் எந்த இடத்தில் வாங்கினீர்கள் என்று கேட்டார். மகனைப் பார்த்துத்தான் கேட்டார்.

நான் முந்திக்கொண்டேன். "உள்ள நொழஞ்சதும் வரிசையாப் பானை வச்சிருக்காக மாமா. ஒவ்வொரு பானைக்கும் ஒரு பொம்பள, கையில மரக்கரண்டி. நாங்க மூணாவது பானையில வாங்குனோம்" என்றேன்.

இவர் திரும்பி என்னைப் பார்த்தார். மூடை மேல் படுத்துக்கொண்டு அவர் நினைத்து வைத்திருந்த மார்க்கெட் அது.

மாமனார் கலயத்தை மாமியார் பக்கம் நகர்த்தினார். மாமியார் இலையை அவிழ்த்தார். கலயத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். பிறகு மகனைப் பார்த்தார். பிறகு என்னை. கரண்டியால் கொஞ்சம் எடுத்து வாயில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். அந்த நேரம் எத்தனை நேரம் என்று என்னால் சொல்ல முடியாது.

"மதுரைத் தயிருதான். நம்ம பக்கம் இப்படி ஒறையாது" என்றார்.

மறுநாள் சம்பந்தி வீட்டில் தயிர்ச்சோறுதான் முதலில் காலியாயிற்று. அடுத்த மாதம் அறையில் தராசைத் தொங்கவிட்டோம். அவர் பாய்ப் பக்கத்துத் தரையில் கோடு போட்டுக் காட்டிய அதே இடத்தில். சைக்கிள் கடைக்காரர் எதிர்ப்பக்கம் இடம் பிடித்துக்கொண்டார், எங்கள் முதல் வாடிக்கையும் அவர்தான். எனக்கிருந்த ஒரே வருத்தம் அந்தக் கலயம். முதல் பயணத்தின் ஞாபகமாக உப்புப் போட்டு வைத்துக்கொள்ளலாம் என்று அடுப்படியில் கவிழ்த்து வைத்திருந்தேன். மறுவாரமே காணாமல் போய்விட்டது. இவர்தான் உடைத்துவிட்டு மறைக்கிறார் என்று இரண்டு நாள் அவரைப் பிய்த்து எடுத்தேன். அவர் கடைசி வரை இல்லை என்றே சாதித்தார்.

கடை வளர்ந்தது. சரக்குப் பிடிக்க மாதம் இரண்டு தடவை மதுரைக்குப் போகப் போக, இவருக்கு நிஜமாகவே எல்லாச் சந்தும் அத்துப்படியாகிவிட்டது. யாராவது மதுரைக்குப் போகிறேன் என்றால் காகிதத்தில் படம் போட்டுக் கொடுப்பார். தயிர் மார்க்கெட்டில் தயிர் கிடைக்காது என்பதை மறக்காமல் எழுதிக் கொடுப்பார்.

ஏழெட்டு வருஷம் கழித்து ஒரு மத்தியானம், மாமியாரும் நானும் கடையில் உட்கார்ந்து புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தோம். மனசு நிறைந்திருந்தது, வாய் சும்மா இருக்கவில்லை. அந்தத் தயிர் விவகாரத்தைச் சொல்லிவிட்டேன். அக்கரைத் தயிர் அத்தை அது, நான் அன்றைக்குச் சொன்னது அத்தனையும் பொய் என்றேன்.

அவர் கொட்டை எடுப்பதை நிறுத்தவே இல்லை.

"மூணு சுண்ணாம்புப் பொட்டு வச்ச கலயம் அந்த அக்கரைத் தயிர்க்காரி வீட்டுது. நான் இந்த வீட்டுக்கு வந்த புதுசுல தெனமும் அவ மாமியாகிட்டத்தான் தயிரு வாங்குனேன், பெறகு ஒரு சண்டையில நின்னுபோச்சு" என்றார். "அந்தக் கலயத்த மறுவாரமே மொதப் பஸ்ஸுல நாந்தான் குடுத்துவிட்டேன். நீ அவனப் போட்டுப் பிச்சுக்கிட்டு இருந்த."

அப்படியானால் எதற்கு மதுரைத் தயிர் என்று சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"எம்மகனுக்கு மதுரை தெரியாதுன்னு பெத்தவ எனக்குத் தெரியாதா? கடையில தனியா எப்படி நிப்பான்னுதான் பயந்துக்கிட்டே இருந்தேன். நீ அம்புட்டுப் பேருக்கு முன்னால மூணாவது பானைன்ன பாரு, அப்பத்தான் எனக்கு உசுரு வந்துச்சு. இவனுக்காகப் பொய் சொல்ல ஒருத்தி வந்துட்டா, இனிமே பொழச்சுக்குவான்னு நெனச்சேன்" என்றார்.

சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டுப் பூட்டும்போது இதை இவரிடம் சொன்னேன். சாவியைக் கையில் வைத்துக்கொண்டு ரோட்டிலேயே நின்று சிரித்தார். கண் இரண்டையும் காணோம்.